ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பது எப்படி

எங்கள் ஊர் கடையம் பக்கம். மேற்கே பொதிகை மலை. அங்கிருந்து இறங்கி வரும் ஒரு சிற்றோடை எங்கள் தெருவுக்கு இரண்டு வயல் தள்ளி ஓடிக் கடனாநதியில் சேர்கிறது. கடனாநதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு கலக்கிறது. எங்கள் ஓடைக்கு வரைபடத்தில் பெயர் கிடையாது. ஊரில் ஓடை என்றால் அதுதான்.

முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வருடத்துக்கு இரண்டு முறை தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஓடையின் நலத்தைக் கணக்கெடுக்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று பல ஊர்களிலிருந்தும் பழைய மாணவர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். சில வருடங்களுக்கு முன், பிசானப் பருவத்து நெல் கதிர் விட்டிருந்த சமயம். ஓடையில் தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர், “தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறது டீச்சர், இதில் என்ன சோதனை?” என்றார். நான் பதினைந்து கற்களைப் புரட்டினேன். ஒன்றின் அடியிலும் ஒரு பூச்சி இல்லை. முந்தின வாரம் மேல்மடை அருகே மருந்து தெளிப்பானைக் கழுவி ஊற்றியிருக்கிறார்கள். விஷம் ஒரு மணி நேரத்தில் ஓடிப் போய்விட்டது. நாங்கள் தண்ணீரை எடுத்துச் சோதித்திருந்தால் எல்லாம் சரி என்றுதான் வந்திருக்கும். அந்தக் கற்களில் மாதக்கணக்காகக் குடியிருந்த பூச்சிகள் மட்டுமே நடந்ததைச் சொல்லின.

அன்று முதல் என் கணக்கெடுப்பில் தண்ணீர்ச் சோதனைக்கு இரண்டாம் இடம். கல்லுக்கு அடியில் வாழும் உயிர்களுக்கே முதல் இடம்.

எப்போது, எங்கே

எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். வெள்ளம் வந்தால் கற்கள் உருண்டு பூச்சிகள் அடித்துச் செல்லப்படும். அப்போது பார்த்தால் நல்ல ஓடையும் வெறுமையாகத்தான் தெரியும். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு மூன்று வாரமாவது பொறுத்திருங்கள். நான் ஜனவரி கடைசியில் ஒரு முறையும், தண்ணீர் வற்றி ஓடையின் பலவீனமெல்லாம் வெளியே தெரியும் மே மாதத்தில் ஒரு முறையும் பார்க்கிறேன்.

இடம் மூன்று வேண்டும். ஊருக்கு மேலே ஒன்று, ஊரைத் தாண்டியதும் ஒன்று, வயல்களின் வடிகால் கலந்த பிறகு ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் ஐம்பது மீட்டர் நீளத்தை அளந்து, ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே ஐம்பது மீட்டருக்குத்தான் வர வேண்டும். கீழிருந்து மேலே போங்கள். மேலே இறங்கிக் கலக்கினால் அந்தச் சேறு கீழே உள்ள இடத்துக்கு வந்துவிடும்.

மேல் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். எங்கள் பக்கத்து மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். யானையும் கரடியும் இறங்கும் இடம் அது. இன்னொன்றும் உண்டு. நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கரையேறுங்கள். பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம் இதுதான். காலில் காயம் உள்ளவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. அவருக்கு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

கரையில் அரை மணி நேரம்

யாரும் உடனே தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். கரையில் உட்கார்ந்து பார்ப்பதை எழுதுங்கள். கரையில் என்ன மரம் நிற்கிறது? எங்கள் ஓடையின் மேல் பகுதியில் நீர்மருதும் நாவலும் புங்கையும் இரண்டு பக்கமும் கை கோத்து நிற்கின்றன. அந்த நிழல் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. விழும் இலைதான் சிற்றோடைக்குச் சாப்பாடு. வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்கின்றன. மரம் போன இடத்தில் உண்ணிச்செடியும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஏறியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி என்றால் வாலாட்டிக் குருவி கல்லுக்குக் கல் தாவிப் பூச்சி பொறுக்குகிறதா என்று பாருங்கள். அது வந்த இடத்தில் நமக்கும் வேலை இருக்கும்.

ஓடைக்குள் சலசலக்கும் பகுதியும் ஆழமான மடுவும் மாறி மாறி வர வேண்டும். எங்கள் பக்கம் ஆழத்தைக் கசம் என்போம். தூர்வாருகிறோம் என்று மண் அள்ளும் இயந்திரத்தை ஓடைக்குள் இறக்கி, கல்லையும் கசத்தையும் ஒரே மட்டமாக வழித்துவிட்டுப் போகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. குளத்தில் வண்டல் எடுப்பது வேறு; அது நம் முன்னோர் செய்துவந்த வேலை. ஓடை குளம் அல்ல. அதன் கல்லும் கோணலும்தான் அதன் உயிர். வழித்துவிட்ட ஓடையில் கோடையில் மீன் ஒதுங்கக்கூட ஓர் ஆழம் இருக்காது.

நுரை கண்டால் பதற வேண்டாம். இலை மக்குவதாலும் நுரை வரும். அது பழுப்பாக, மண் வாசனையோடு இருக்கும். சோப்பு நுரை வெள்ளையாக, வாசனைத் திரவம் மணக்க, துவைக்கும் கல்லுக்குக் கீழே நிற்கும். தேங்கிய ஓரத்தில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து விலகியே நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் வேலை, கெடுதல் இல்லை. சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் டீசலோ என்ஜின் எண்ணெயோ கலந்திருக்கிறது. கற்களின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தால் மேலே எங்கோ சாக்கடை கலக்கிறது. நடந்து போய்த் தேடுங்கள். நீளமான பச்சைப் பாசி முடி முடியாகத் தொங்கினால் வயலின் உரமும் மறைக்க நிழலில்லாத வெயிலும் சேர்ந்துவிட்டன என்று பொருள்.

அளக்க வேண்டியவை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தின் அளவை அறிய ஒரு ஆரஞ்சுப் பழம் போதும். நம் ஊர் எலுமிச்சம்பழம் வேண்டாம், பல சமயம் மூழ்கிவிடும். நேராக ஓடும் பத்து மீட்டரை அளந்து, பழத்தை விட்டு, எத்தனை விநாடியில் கடக்கிறது என்று மூன்று முறை பாருங்கள். போன ஜனவரியில் எங்களுக்குச் சராசரி 25 விநாடி. அதாவது விநாடிக்கு 0.4 மீட்டர். மேல்மட்டத் தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடுவதால் இதை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 0.34 கிடைக்கும். ஓடையின் அகலம் 2.4 மீட்டர், ஐந்து இடத்தில் எடுத்த ஆழத்தின் சராசரி 0.22 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 180 லிட்டர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரையிலேயே போடக் கொடுங்கள். கரும்பலகையில் வராத ஆர்வம் இங்கே வரும்.

அலங்கார மீன் கடையில் அமிலத்தன்மை பார்க்கும் தாளும், கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டியும் கிடைக்கின்றன. பி.எச். 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருந்தால் கவலை இல்லை. ஆக்சிஜனை வெப்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.6 தான். நாலுக்குக் கீழே போனால் மீன்கள் திணறும். இந்தச் சோதனையை மத்தியானம் செய்து ஏமாறாதீர்கள். பகலில் பாசி ஆக்சிஜனை விடுவதால் எண் அழகாக வரும். இரவெல்லாம் அதே பாசி மூச்சு விட்டு ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடிவதற்கு முன் போய் அளந்தால்தான் ஓடையின் உண்மையான நிலை தெரியும்.

கல்லுக்கு அடியில்

இனி முக்கிய வேலை. தேவையான கருவிகள் எல்லாம் வீட்டில் இருப்பவைதான். ஒரு மீட்டர் கொசுவலையை இரண்டாக மடித்து, இரண்டு மூங்கில் குச்சிகளில் தைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை வலையின் கண்ணில் சிறு பூச்சிகள் நழுவிவிடும். வெள்ளைத் தட்டு இரண்டு, ஐஸ் கட்டித் தட்டு ஒன்று, டீ வடிகட்டி, ஓவியத்துக்கான மெல்லிய பிரஷ், கைலென்ஸ். பூச்சிகளை விரலால் பிடிக்காதீர்கள், கால் ஒடிந்துவிடும். பிரஷ் நுனியால் தொட்டு எடுங்கள்.

சலசலக்கும் பகுதியில் ஒருவர் வலையை அடிமண்ணோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் அதற்கு மேல்பக்கம் நின்று காலால் கற்களைக் கிளற வேண்டும். மூன்று இடத்தில், இடத்துக்கு ஒரு நிமிடம். கிளறியதெல்லாம் ஓட்டத்தில் வலைக்குள் வந்துவிடும். கரையோர வேர்களுக்கு இடையிலும் சருகுக் குவியலிலும் டீ வடிகட்டியால் அரித்துப் பாருங்கள்.

அதோடு நிறுத்தாமல் பத்துக் கற்களையாவது கையால் எடுத்துப் பாருங்கள். எடுக்கும்போதே கல் எவ்வளவு ஆழம் புதைந்திருந்தது என்று கவனியுங்கள். கறை படிந்த கோடு காட்டிக்கொடுக்கும். கால் பங்கு புதைந்திருந்தால் நல்லது. பாதிக்கு மேல் வண்டலில் புதைந்திருந்தால் பூச்சிகளின் வீட்டுக்கு வாசல் அடைபட்டுவிட்டது என்று பொருள்.

கல்லைத் தட்டுக்கு மேல் பிடியுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, ஈரக் கல் மட்டும்தான். பொறுங்கள். கல்லின் நிறத்திலேயே இருக்கும் ஒரு பொட்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நழுவும். லென்ஸை வையுங்கள். தட்டையான தலை, இரண்டு பெரிய கண்கள், பின்னால் மயிரிழைபோல் மூன்று வால்கள். வயிற்றின் இரு ஓரமும் இலை இலையாகச் செவுள்கள். தட்டில் தண்ணீருக்குள் விட்டால் அவை விசிறிபோல் துடிப்பதைப் பார்க்கலாம். இது மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவம். பிள்ளைகளுக்காக நான் வைத்திருக்கும் பெயர் மூவாலி.

இரண்டு வால் மட்டும் இருந்தால் அது ஸ்டோன்ஃப்ளை, எங்கள் பேச்சில் ஈர்வாலி. மூவாலியின் உறவினர் சிலருக்கும் இரண்டே வால் உண்டு என்பதால் வாலை மட்டும் நம்ப வேண்டாம். காலின் நுனியைப் பாருங்கள். மூவாலிக்கு ஒரு நகம், ஈர்வாலிக்கு இரண்டு. எங்கள் ஓடையில் வரும் ஈர்வாலிக்கு வயிற்றோரம் செவுள் கிடையாது. கால்கள் தொடங்கும் இடத்தில் வெள்ளைக் குஞ்சம்போல் இருக்கும். தட்டில் தண்ணீர் அசையாமல் நின்று சூடேறினால் ஈர்வாலி ஆறு கால்களையும் ஊன்றி உடலை மேலும் கீழும் ஆட்டும். “தண்டால் எடுக்கிறது டீச்சர்!” என்று பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். அது மூச்சுத் திணறல். செவுளில் தண்ணீர் படுவதற்காக அப்படிச் செய்கிறது. உடனே குளிர்ந்த ஓடைத் தண்ணீரை மாற்றி ஊற்றுங்கள். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் ஊரைக் காலி செய்வது இந்தப் பூச்சிதான் என்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது.

மணலையும் இலைத் துண்டையும் ஒட்டிக் குழாய்போல் கூடு கட்டி, அதைச் சுமந்து திரியும் புழுவும் உண்டு. அதன் உறவுக்காரப் புழு ஒன்று கூட்டைச் சுமக்காமல், கற்களுக்கு இடையில் ஓட்டத்தை நோக்கி நூல்வலை விரித்துக் காத்திருக்கும். இரண்டும் கேடிஸ்ஃப்ளை இனம். நாங்கள் கூடுகட்டி, வலைகட்டி என்கிறோம். தட்டானின் குஞ்சு மணலில் புதைந்து கிடக்கும். ஊசித்தட்டானின் குஞ்சுக்கு வால் நுனியில் மூன்று இலைகள் உண்டு. அதை மூவாலி என்று எண்ணிவிடாதீர்கள். சேற்றில் சிவப்பாக நெளியும் புழுவுக்கு நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபினே நிறம் தருகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் அது பிழைத்திருப்பது அதனால்தான். ஒன்றிரண்டு இருந்தால் தவறில்லை. தட்டு முழுக்க அதுவாகவே இருந்தால்தான் கவலை.

மதிப்பெண் போடுவது

1970-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் உருவான முறை இது. ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. மாசைத் தாங்காதவற்றுக்கு அதிகம், எதையும் தாங்குபவற்றுக்குக் குறைவு. நம் நாட்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதைத் தழுவியே உயிரியல் தர அளவுகோலை வைத்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் எத்தனை பூச்சி கிடைத்தாலும் ஒரு முறைதான் எண்ண வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

எங்கள் நோட்டிலிருந்து ஓர் உதாரணம். மேல் இடத்தில் ஈர்வாலி 10, தட்டைத்தலை மூவாலி 10, கிளைச்செவுள் மூவாலி 10, மணல் கூடுகட்டி 10, மணலில் புதையும் தட்டான் குஞ்சு 8, வலைகட்டி 5, நீர்மூட்டை 5, நீந்தும் சிறு மூவாலி 4, கொசுவைப் போன்ற ஈயின் சிவப்புப் புழு 2. மொத்தம் 64, ஒன்பதால் வகுத்தால் 7.1. ஊரைத் தாண்டிய இடத்தில் வலைகட்டி 5, நீர்வண்டு 5, சிறு மூவாலி 4, நத்தை 3, அட்டை 3, சிவப்புப் புழு 2, மண்புழு இனம் 1. மொத்தம் 23; ஏழால் வகுத்தால் 3.3. வாரியத்தின் கணக்கில் 7-க்கு மேல் தூய நீர், 3 முதல் 6 வரை நடுத்தர மாசு. இரண்டு இடத்துக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டர் கூட இல்லை.

அந்த அளவுகோலின் இன்னொரு பாதி பன்முகத்தன்மை. அதற்குப் பூச்சியின் பெயரே தெரிய வேண்டாம், ஐந்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். தட்டில் உள்ளவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வையுங்கள். புதிதாக எடுத்தது முன்னதைப் போலவே இருந்தால் விடுங்கள். வேறாக இருந்தால் ஒரு கோடு போடுங்கள். முதல் பூச்சிக்கும் ஒரு கோடு. நாற்பது பூச்சிகளுக்கு இருபத்தாறு கோடு விழுந்தால் 26-ஐ 40-ஆல் வகுத்து 0.65. ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. ஒரே இனம் கும்பலாக இருந்தால் எண் பூஜ்யத்தை நோக்கி இறங்கும்.

இந்த மதிப்பெண்ணை மற்ற ஊர் ஓடையோடு போட்டிக்கு வைக்க வேண்டாம். அடிப்படை அட்டவணை வேறு நாட்டுப் பூச்சிகளுக்காகப் போட்டது. உங்கள் ஓடையின் மேல் இடத்தைக் கீழ் இடத்தோடும், இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடும் ஒப்பிடுங்கள். எண்ணைவிட எது காணாமல் போனது என்பது முக்கியம். எல்லா இனமும் சேர்ந்து மறைந்திருந்தால் விஷத்தை நினைக்க வேண்டும். ஈர்வாலி போய்ச் சிவப்புப் புழு பெருகியிருந்தால் சாக்கடை. நத்தையும் சிறு மூவாலியும் மட்டும் கொழித்துப் பாசியும் நீண்டிருந்தால் உரம். கற்கள் புதைந்து, ஒட்டி வாழும் பூச்சிகள் மட்டும் குறைந்திருந்தால் மேலே எங்கோ கரை சரிகிறது அல்லது மணல் எடுக்கிறார்கள்.

மருந்துத் தெளிப்பான் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் ஓடையில் ஒரு மாதத்தில் சிறு மூவாலிகள் மேலிருந்து மிதந்து வந்து சேர்ந்துவிட்டன. வலைகட்டி மே மாதத்தில் வந்தது. ஈர்வாலியைக் காண இரண்டாவது ஜனவரி வரை காத்திருந்தோம். அதற்குள் நான் அந்த வயல்காரர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, வெறும் தட்டின் படத்தையும் பழைய ஜனவரித் தட்டின் படத்தையும் காட்டினேன். திட்டவில்லை. இப்போது அவர்கள் ஓடையிலிருந்து தள்ளி, வரப்பின் மேல்புறம் ஒரு தரிசில் கழுவுகிறார்கள். நீங்களும் படம் எடுத்து வையுங்கள். எண்ணைக் காட்டினால் தலையாட்டுவார்கள், தட்டைக் காட்டினால் கேட்பார்கள். மார்ச் 22 அன்று உலகத் தண்ணீர் நாள் கிராம சபை நடக்கும். ஜனவரிக் கணக்கை அங்கே வாசித்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

முடித்துக்கொண்டு புறப்படும் முன் தட்டில் உள்ளவற்றை எடுத்த இடத்திலேயே, தண்ணீருக்குள் தட்டைச் சாய்த்து மெதுவாக விடுங்கள். வேறு ஓடைக்கு அதே வலையைக் கொண்டுபோவதாக இருந்தால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு எடுத்துச் செல்லுங்கள். புரட்டிய ஒவ்வொரு கல்லையும் அதனதன் குழியில், இருந்தபடியே வைத்துவிடுங்கள். பாசி படிந்த பக்கம் மேலே வர வேண்டும்.